மெக்கன்சி என்று பெயர் இருந்தால் எல்லோரும் ஒரே வம்சமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் அப்பா மெக்கன்சி, சென்னை ஆங்கிலோ இந்தியர். ‘மெக்கன்சி சுவடிகள்’ தொகுத்த கர்னல் காலின் மெக்கன்சியின் வம்சம் என்று வீட்டில் சொல்லிவருகிறார்கள். அது உண்மைதானா, அந்தப் பெயர் ஸ்காட்லாந்தில் எங்கே தோன்றியது, கனடா முதல் நியூசிலாந்து வரை எப்படிப் பரவியது என்று கேட்கிறீர்கள். இதில் பெயரின் வரலாறு ஒன்று, உங்கள் குடும்பத்தின் வரலாறு வேறொன்று. முதலாவதைப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதை வைத்து இரண்டாவதை முடிவுசெய்ய முடியாது. தேடுகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயரின் பிறப்பிடம் வடமேற்கு ஸ்காட்லாந்தின் ராஸ் மாவட்டம். கேலிக் மொழியில் கென்னத்தின் மகன் என்று பொருள். மேற்குக் கரையில் மூன்று கடற்கழிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு தீவின்மேல் நிற்கிறதே எய்லன் டோனன் கோட்டை, அதைச் சுற்றிய கின்டெய்ல் பகுதிதான் இவர்களுடைய பழைய நிலம். 15-ஆம் நூற்றாண்டில் தலைமைக் குடும்பம் அங்கிருந்து கிழக்கே, ஸ்ட்ராத்பெஃபர் பக்கத்துச் செழிப்பான பள்ளத்தாக்குகளுக்கு நகர்ந்தது. 1488-ல் இறந்த கின்டெய்ல் அலெக்சாண்டரிலிருந்து தலைவர்களின் வரிசையை ஆவணங்களோடு நம்பலாம். அவருக்கு முந்தையவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன, ஆனால் அவர்களுக்குச் சொல்லப்படும் வருடங்களை நம்பி எதையும் கட்டக் கூடாது.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது வேறு கதை. காலின் ஃபிட்ஜெரால்ட் என்ற அயர்லாந்து வீரன் 1263-ல் லார்க்ஸ் போரில் நார்வே மன்னனுக்கு எதிராகச் சண்டையிட்டானாம். அதற்குப் பரிசாக மூன்றாம் அலெக்சாண்டர் மன்னர் 1266-ல் கின்டெய்லை எழுதிக்கொடுத்தாராம். இந்தக் கதையைப் பரப்பியவர்கள் 17-ஆம் நூற்றாண்டு மெக்கன்சி பிரபுக்களே. அவர்கள் ஆதாரமாகக் காட்டிய பட்டயத்தை இன்று வரலாற்றாசிரியர்கள் யாரும் ஏற்பதில்லை. 1467-ஆம் ஆண்டின் கேலிக் கையெழுத்துப் படி ஒன்றில் ஹைலாந்துக் (வட ஸ்காட்லாந்து மலைநாட்டு) குலங்களின் வம்சாவளிகள் உண்டு. அதன்படி மெக்கன்சிகள் உள்ளூர்க் கேலிக் குடிகள்தான், மேத்திசன் குலத்தோடு பங்காளிகள். உங்கள் வீட்டுக் குறிப்புகளில் ஃபிட்ஜெரால்ட் மூதாதை இடம்பெற்றிருந்தால், அந்தக் குறிப்பை எழுதியவர் அச்சான குல வரலாறு ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளத்தாக்கின் பெயர் மாவட்டம் முழுக்கப் பரவக் காரணம் அரசியல். 1493-ல் மன்னர் ‘தீவுகளின் பிரபு’ என்ற மக்டொனால்டு பட்டத்தைப் பறித்தார். அந்த வெற்றிடத்தில் மெக்கன்சிகள் நுழைந்தார்கள். அரசுக்குப் பக்கபலமாக இருந்துகொண்டே அக்கம்பக்கத்துக் குலங்களின் நிலங்களைக் கடன், திருமணம், வழக்கு, படை என்று எல்லா வழியிலும் சேர்த்தார்கள். 1609-ல் தலைவர் கின்டெய்ல் பிரபு ஆனார். அடுத்த ஆண்டே, ஃபைஃப் பகுதிச் செல்வந்தர்கள் குடியேற முயன்று தோற்ற லூயிஸ் தீவு இவர்கள் கைக்கு வந்தது. 1623-ல் சீஃபோர்த் பிரபு பட்டம். இன்னொரு கிளை 1703-ல் குரோமார்ட்டி பிரபு ஆனது. இன்று குலத் தலைவர் பொறுப்பு அந்தக் குரோமார்ட்டி கிளையிடம், லியோட் கோட்டையில் இருக்கிறது.

இவ்வளவு நிலத்தில் வாழ்ந்த சாதாரணக் குடியானவனுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்பதுதான் உங்கள் கேள்விக்கு மையமான விஷயம். ஊருக்குள் அவன் ‘டொனால்டின் மகன் ஜான், கென்னத்தின் பேரன்’. அடுத்த தலைமுறையில் அந்தத் தொடரே மாறிவிடும். நம் இனிஷியல் எப்படித் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதோ, வெளிநாட்டுக்குப் போகும்போது எப்படி அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக உறைந்துபோகிறதோ, அப்படியேதான் அங்கும் நடந்தது. பாதிரியாரின் பதிவேடு, பண்ணைக் கணக்கரின் குத்தகைப் பட்டியல், படை ஆள்சேர்ப்பு அதிகாரியின் நோட்டு ஆகியவற்றுக்கு நிலையான பெயர் ஒன்று வேண்டியிருந்தது. நிலம் யாருடையதோ அவர் பெயர் வசதியாகக் கைக்குக் கிடைத்தது. எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. தலைவனின் ‘இரும்புச் சட்டை’ என்று பெயர் பெற்ற மக்ரேக்களும், மக்லெனன்களும், மர்ச்சிசன்களும் அதே நிலத்தில் தங்கள் பெயரோடுதான் இருந்தார்கள். சிறிய குழுக்களும் பெரிய குலத்தைச் சேராத தனிக் குடும்பங்களும்தான் மெக்கன்சிக்குள் கரைந்தன. ராஸ் மாவட்டத்துக்கு வெளியே, கென்னத் என்ற தகப்பன் இருந்த ஏதோ ஒரு குடும்பத்தில் இந்தப் பெயர் தனியாகத் தோன்றவும் வாய்ப்புண்டு. ஆகவே 1750-ல் ஒருவர் மெக்கன்சி என்று பதிவாகியிருந்தால், எந்தப் பிரபுவின் நிலத்தில் இருந்தார் என்று ஊகிக்கலாம். யாருடைய ரத்தம் என்பதற்கு அது சான்று ஆகாது.

எழுத்துக்கூட்டல் பற்றி இரண்டு வார்த்தை. மக், மெக், வெறும் எம் எழுத்தோடு ஒரு மேற்கோள்குறி என மூன்று வடிவமும் ஒன்றுதான். ஒரே ஆளை ஒரே பதிவேட்டில் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்று ஸ்காட்டிஷ், இன்னொன்று ஐரிஷ் என்பது பிழையான நம்பிக்கை. இந்தப் பெயரின் நடுவிலுள்ள இசட் எழுத்து ஆதியில் இசட்டே இல்லை. பழைய ஸ்காட்ஸ் எழுத்துமுறையில் யகர ஒலிக்கு யோக் என்று ஓர் எழுத்து இருந்தது. அச்சகங்களில் அந்த வார்ப்பு இல்லாததால் வடிவத்தில் நெருங்கிய இசட்டைப் போட்டார்கள், பிறகு உச்சரிப்பும் மாறிவிட்டது. அதனால் 17-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘மக்கென்யி’ என்று ஒலிக்கும் வடிவங்களையும் தேட வேண்டும். தேடல் பெட்டியில் எம், உடுக்குறி, கே, உடுக்குறி, ஐ.இ என்று கொடுத்தால் பெரும்பாலான வடிவங்கள் சிக்கும்.

இனி பரவிய வழிகள். நமக்கு மிக நெருக்கமானது படை வழி. ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற முயன்ற 1745 கிளர்ச்சியில் குரோமார்ட்டி பிரபு தோற்ற பக்கம் நின்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் மன்னிக்கப்பட்டார். நிலம் பறிபோயிற்று. அதை மீட்க அவர் மகன் ஜான் மெக்கன்சி, அதாவது மக்லியோட் பிரபு, அரசுக்கு ஒரு படை திரட்டிக் கொடுத்தார். அந்த 73-ஆம் ஹைலாந்துப் படைப்பிரிவு (பிற்பாடு எண் 71 ஆனது) 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஹைதர் அலி நொறுக்கிய, கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையில் இதன் இரண்டு சிறு அணிகள் இருந்தன. பிழைத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை சிறையில் கிடந்தார்கள். சீஃபோர்த் பிரபு தன் பங்குக்கு 1778-ல் திரட்டிய 78-ஆம் படைப்பிரிவு (பிற்பாடு 72) 1781 ஜூனில் கிளம்பி 1782 ஏப்ரலில் சென்னை வந்தது. பத்து மாதக் கடல் பயணத்தில் சுமார் 250 பேர் ஸ்கர்வியில் செத்தார்கள். பிரபுவே வழியில் இறந்தார். வந்து சேர்ந்தவர்களில் ஆயுதம் தூக்கும் நிலையில் இருந்தவர்கள் 400 பேர்கூட இல்லை. இன்று மெக்கன்சி டார்ட்டன் என்று விற்கும் துணி, பச்சை நீலம் கறுப்புக் கட்டத்தில் வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் ஓடுவது, இந்தப் படைகளுக்காக அரசாங்க டார்ட்டனில் இரண்டு கோடுகளைச் சேர்த்து உண்டாக்கியதுதான். உங்கள் விஷயத்தில் இதற்கு என்ன பொருள் என்றால், 1780-களில் சென்னை மாகாணத்தில் மெக்கன்சி என்ற பெயரோடு சிப்பாய், சார்ஜன்ட், அதிகாரி என்று ஏராளமானோர் இருந்தார்கள். கர்னல் அவர்களில் ஒருவர் மட்டுமே.

கனடா வழி 1773-ல் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹெக்டர் என்ற பழைய கப்பல் லாக்புரூமிலிருந்து சுமார் 190 பேரை ஏற்றிக்கொண்டு செப்டம்பரில் நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவை அடைந்தது. வழியில் பெரியம்மையும் வயிற்றுக்கடுப்பும் வந்து 18 பேர் மாண்டார்கள். லாக்புரூம் கரை மெக்கன்சி நிலம் என்பதால் பிக்டூ சுற்றுவட்டாரத்தில் இந்தப் பெயர் இன்றும் மிகுதி. பெரிய அலை அதற்குப் பிறகுதான். கம்பளிக்கு நல்ல விலை வந்தபோது நிலப்பிரபுக்கள் ஆடுகளுக்காகக் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளை விட்டு வெளியேற்றினார்கள். 1846-லிருந்து உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து கடற்கரையில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களையும் பட்டினி போட்டது. லூயிஸ் தீவை 1844-ல் சீஃபோர்த் குடும்பத்திடமிருந்து வாங்கியவர் ஜேம்ஸ் மேத்திசன், சீனாவோடு அபினி வியாபாரம் செய்து சேர்த்த பணத்தில். 1850-களின் முதல் பாதியில் அவர் கட்டணம் கொடுத்துக் கப்பலேற்றிய லூயிஸ்காரர்கள் கியூபெக்கின் கிழக்குப் பகுதிகளில் குடியேறினார்கள். ஆஸ்திரேலியாவுக்கு 1852 முதல் 1857 வரை ஹைலாந்து தீவுக் குடியேற்றச் சங்கம் ஏறத்தாழ 5,000 பேரை அனுப்பியது. குடும்பம் குடும்பமாகப் பெயர், வயது, ஊர் எழுதிய அந்தப் பட்டியல்கள் எடின்பரோவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நியூசிலாந்தில் இருவரைச் சொல்ல வேண்டும். தென்தீவின் நடுவே இருக்கும் மெக்கன்சி சமவெளிக்கு, 1855-ல் நாயோடும் திருட்டு ஆட்டு மந்தையோடும் அங்கே பிடிபட்ட ஒரு கேலிக் மேய்ப்பனின் பெயர் வைத்தார்கள். இன்னொருவர் 1839-ல் கிழக்கு ராஸ் பகுதியில் பிறந்த ஜான் மெக்கன்சி. குடிபெயர்க்கப்பட்ட மக்கள் தேவாலயக் கல்லறை வெளியில் தங்கியிருந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர். பிறகு நியூசிலாந்தின் நில அமைச்சராகிப் பெரும் பண்ணைகளை உடைத்துச் சிறு விவசாயிகளுக்குக் கொடுக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தார். கனடாவின் மெக்கன்சி ஆற்றுக்குப் பெயர் தந்த அலெக்சாண்டர் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்தவர். கனடாவின் இரண்டாம் பிரதமரும் அதே பெயர்தான், ஆனால் அவர் பெர்த்ஷயர்காரர். இருவரையும் ஒரே குடும்பமாக்கும் மரக்கிளைகள் இணையத்தில் உண்டு, அவற்றை நம்ப வேண்டாம்.

கரீபியன் வழியை விட்டுவிட்டு இந்தப் பெயரின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. 1801-ல் பார்படோஸ் ஆளுநரான, பின்வந்த இன்னொரு சீஃபோர்த் பிரபுவுக்கு, தென் அமெரிக்கக் கரையில் பெர்பீஸில் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டங்கள் இருந்தன. ஜமைக்காவிலும் கயானாவிலும் மெக்கன்சி என்று பெயர் கொண்ட கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர் தோட்ட முதலாளியிடமிருந்தோ மேற்பார்வையாளரிடமிருந்தோ வந்தது. சிலருக்கு அது ரத்த உறவும்கூட, பலருக்கு உடைமைக் கணக்கில் எழுதிய பெயர்.

கர்னல் விஷயத்துக்கு வருவோம். காலின் மெக்கன்சி 1754 வாக்கில் ஸ்டோர்னோவேயில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். 1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பயிற்சி அதிகாரியாகச் சென்னை வந்தார், பிறகு எஞ்சினியர் பிரிவுக்கு மாறினார், 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821-ல் கல்கத்தா அருகே இறந்தார். அவர் மணம் செய்தது ஜாவாவில் இருந்தபோது, 1812-ல். ஆகவே அதற்கு முன் சென்னையில் பிறந்த மெக்கன்சி எவரும் அந்தத் திருமணத்தின் பிள்ளை ஆக முடியாது. திருமணத்துக்கு வெளியே பிறந்திருக்கலாம் என்று வாதிட்டால், அதற்குச் சான்று இரண்டு இடங்களில்தான் கிடைக்கும்: தகப்பன் பெயர் எழுதிய ஞானஸ்நானப் பதிவு, அல்லது உயில். கம்பெனி அதிகாரிகள் இத்தகைய பிள்ளைகளுக்கு உயிலில் பணம் எழுதிவைப்பது சகஜம். உயில்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. இந்த இரண்டில் ஒன்று கையில் கிடைக்கும்வரை வீட்டுக் கதையைக் கதையாகவே வைத்திருங்கள். புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வருவது நடக்காது. உங்களிடமிருந்து மேலே ஏறித்தான் போக வேண்டும்.

முதல் படி தாத்தாவின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவுகள். சென்னை மாகாணத்தின் தேவாலயங்கள் தங்கள் பதிவேடுகளின் நகலை லண்டனுக்கு அனுப்பின. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன, கட்டணத் தளமான ஃபைண்ட்மைபாஸ்ட்டில் படமாகவே பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் அட்டவணை இலவசம், முதலில் அங்கே தேடிவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள். எழும்பூர் புனித ஆண்ட்ரூ கிர்க் திறந்தது 1821-ல். அதற்கு முன் சென்னையிலிருந்த ஸ்காட்டியர்களைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். ஆங்கிலிக்கன் பதிவில் இருக்கிறாரே, அப்போது ஸ்காட்டியர் இல்லையோ என்று குழம்பாதீர்கள். இந்தியத் தாய்மார்களின் பெயர் பெரும்பாலும் விடுபட்டிருக்கும், அல்லது ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். அந்த இடைவெளியை எந்தத் தளமும் நிரப்பித் தராது.

பதிவில் தகப்பனின் தொழிலும் படைப்பிரிவும் எழுதியிருக்கும், அதுதான் அடுத்த சாவி. மன்னர் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், கம்பெனிப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகம். மாற்றித் தேடி மாதக்கணக்கில் வீணாக்குகிறவர்கள் உண்டு. கியூவின் டபிள்யூஓ 97 வரிசையில் ஓய்வூதியம் பெற்ற சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் உள்ளன. அவற்றில் பிறந்த பேரிஷ் (திருச்சபை வட்டாரம்) எழுதியிருக்கும். ஆனால் பணியிலேயே இறந்தவர் அதில் வர மாட்டார். அவருக்கு டபிள்யூஓ 12 வரிசையின் ஆள் கணக்குகளை வருடம் வருடமாகப் புரட்ட வேண்டும். கம்பெனியின் சென்னைப் படைக்கு எல்/மில்/11, அதிகாரிப் பயிற்சிக்கு வந்தவர்களின் விண்ணப்பங்களுக்கு எல்/மில்/9.

பேரிஷ் தெரிந்த பிறகே ஸ்காட்லாந்துக்குள் நுழையுங்கள். அதற்கு முன் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் ஜான் மெக்கன்சி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும், அதில் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1-ல். அந்த ஒரு வருடத்துப் பதிவுகள் பொக்கிஷம்: பிறப்புச் சான்றில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமண நாள்வரை கேட்டிருக்கிறார்கள். பின்வந்த வருடங்களில் பலவற்றைக் குறைத்துவிட்டார்கள். இறப்புச் சான்றில் இறந்தவரின் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். தாய்நாட்டிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் இறப்புச் சான்று வழியாக, இந்தியாவுக்கு வந்தவரின் பெற்றோரைக் கண்டுபிடிக்கலாம். 1841 மக்கள்தொகைக் கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், பிறந்த பேரிஷின் பெயர் 1851 முதல்தான் வரும்.

1855-க்கு முன் பேரிஷ் பதிவேடுகள்தான் கதி. ஹைலாந்தில் பல பேரிஷ்களில் அவை 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் தொடங்குகின்றன, லூயிஸின் நாட்டுப்புறப் பகுதிகளில் இன்னும் தாமதம். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால் ஏழைகள் பதிவே செய்யவில்லை. 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது ஹைலாந்து மக்களில் பெரும்பாலோர் சுதந்திரச் சபைக்குப் போனார்கள். அதனால் 1843-க்கும் 1855-க்கும் இடையில் பிறந்தவர்கள் பழைய பதிவேட்டில் காணாமல் போவார்கள், அவர்களைச் சுதந்திரச் சபையின் ஏடுகளில் தேடுங்கள். பதிவே இல்லாத இடத்தில் பெயர் சூட்டும் மரபு கொஞ்சம் கைகொடுக்கும்: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே பெயர் என்றால், உயிரோடிருக்கும் இரண்டு அண்ணன் தம்பிக்கும் ஒரே பெயர் இருக்கும். இது ஊகத்துக்கு உதவும் குறிப்பு மட்டுமே, இதைச் சான்றாக எழுதாதீர்கள்.

டிஎன்ஏ பற்றிக் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் வழி மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைத்தான் இந்தக் கேள்விக்குச் சோதிக்க வேண்டும். அம்மா வழி என்பதால் உங்களிடம் அது இல்லை, உங்கள் தாய்மாமாவிடம் இருக்கும். 37 குறியிடத்துக்குக் குறைந்த சோதனை வாங்க வேண்டாம். ராஸ் மாவட்டத்து மெக்கன்சி ஒருவரோடு நெருக்கமாகப் பொருந்தினால் அது வலுவான தடயம். பொருந்தாவிட்டால், மூதாதை அங்கிருந்து வரவில்லை என்று ஆகிவிடாது. பரிசோதித்த மெக்கன்சிகளே ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல ஆண்வழிகளில் பிரிந்து கிடக்கிறார்கள், காரணம் மேலே சொன்ன குத்தகைப் பட்டியல்கள். எல்லோரும் வாங்கும் சாதாரணச் சோதனை நாலைந்து தலைமுறைக்கு மேல் கைவிட்டுவிடும், 1780-ல் வந்த சிப்பாயை அது காட்டாது.

மெக்கன்சி குடும்பச் சின்னம் என்று கடைகளில் விற்பதையும் வாங்க வேண்டாம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்குரியது, லார்ட் லயன் நீதிமன்றத்தின் 1672 முதலான பதிவேட்டில் அவர் பெயரில் இருக்கும். அந்தக் குலப் பெயர் கொண்டவர்கள், தலைவரின் முடிச்சின்னத்தைச் சுற்றி வார்ப்பட்டை போட்ட பதக்கத்தை அணியலாம், அவ்வளவுதான்.

தாத்தாவின் திருமணப் பதிவு கிடைத்தால் அதில் அவருடைய தகப்பனாரின் பெயரும், எந்தத் தேவாலயம் என்பதும் இருக்கும். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை மறைத்துவிட்டு அந்த இரண்டையும், தகப்பனாருடைய ஞானஸ்நானப் பதிவில் தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருப்பதையும் அப்படியே எழுத்து மாறாமல் இங்கே இடுங்கள். அடுத்து எந்த வரிசையைப் புரட்ட வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.